இருபத்தைந்து பாகம்

மீனவக் குப்பத்தில் பிறந்துவிட்டு, படகில் ஏறினால் வாந்தி எடுக்கிறவன் கடைசியில் என்ன ஆவான் என்று யாரும் ஆராய்ந்து எழுதியதாகத் தெரியவில்லை. ஆகையால் நானே சொல்லிவிடுகிறேன்: பழவேற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைப்பான். நகலெடுக்க வருகிற எல்லாவற்றையும் இலவசமாகப் படிப்பான். படித்ததை வைத்துக்கொண்டு வாரப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை அனுப்புவான். குப்பத்தில் அவனைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவரு தரை ஆளு" என்பார்கள். அதில் கொஞ்சம் மரியாதையும் நிறைய இரக்கமும் இருக்கும்.

கடலில் வாந்தி வருவதைக்கூட மன்னிக்கலாம். எனக்கு ஏரியில் வரும். முழங்கால் அளவு தண்ணீரில் பெண்கள் உட்கார்ந்து கையாலேயே இறால் தடவுகிற ஏரி அது. அதில் படகு ஆடுவதில்லை. ஆடும் என்கிற நினைப்பே எனக்குப் போதும்.

இப்படிப்பட்ட என் பேரில்தான் எங்கள் வீட்டின் பாட்டுரிமை இருந்தது. எங்கள் ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை கட்டிவிட முடியாது. இறால் ஓடுகிற நல்ல இடங்களுக்கு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பேர். வருஷத்துக்கு ஒரு நாள் கோயில் முன்னால் சீட்டுப் போடுவார்கள். பேர் விழுகிற வரிசையில் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்துக் குழு பிரிப்பார்கள். பத்துப் பேரின் வலைத் துண்டுகளையும் ஒன்றோடொன்று முடிந்தால்தான் குழுவின் முழு வலை. கல்யாணமான ஆண்களுக்குத்தான் பங்கு. என் தம்பிக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. ஆகவே பங்கு எனக்கு, ஏரியில் இறங்கும் வேலை அவனுக்கு. எனக்குத் தெரிந்து குப்பத்திலேயே மிகவும் நியாயமான ஏற்பாடு இதுதான்.

சீட்டு அன்றைக்கு விதி இரண்டு. பேரைக் கூப்பிடும்போது பங்குக்காரன் நேரில் நின்று தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். அவனுடைய சொந்த வலை, இருபத்தைந்து பாகம் நீளத்துக்குக் குறையாமல், மணலில் கிடக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் பேர் பானைக்குள் போகாது. பிறகு அடுத்த வருஷம்தான். இரவல் வலையும் செல்லாது. அவரவர் முடிச்சை அவரவர் மட்டுமல்ல, ஊரே அடையாளம் சொல்லும்.

நான் சொல்ல வருகிற வருஷத்தில் தம்பிக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் அப்பா பக்கத்துக் குப்பத்துக்காரர். பெண் பார்க்கப் போனபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "இந்த வருஷம் பாடு கீதா?" இருக்கிறது என்று தம்பி தலையாட்டினான். படிப்பு, குணம், ஜாதகம் எதையும் அவர் கேட்கவில்லை.

சீட்டு கார்த்திகை மாதம், மதியம் மூன்று மணிக்கு. காலை ஏழு மணிக்கு என் வீட்டுப் பரணிலிருந்து வலையை இறக்கினோம்.

வலை என் பரணில் இருந்ததற்குக் காரணம் நான்தான். தம்பியின் கொட்டகை ஒழுகுகிறது என்று, பெரிய மனசு பண்ணி, "என் புத்தகப் பெட்டிக்குக் கீழே வை, பத்திரமாக இருக்கும்" என்று சொல்லியிருந்தேன். எலிகள் முப்பது வருஷமாக நான் சேர்த்த இலக்கியத்தைத் தொடவே இல்லை. தத்துவத்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேராகக் கீழே போய் வலையைத் தின்றிருந்தன. வலைக்கடைச் சீட்டையும், அதில் இருந்த போன் நம்பரோடு சேர்த்து.

தம்பி வலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். அதன் ஓட்டை வழியாக அவன் முகம் முழுசாகத் தெரிந்தது.

"இன்னாண்ணா இது?"

"எலி" என்றேன்.

"எலினு தெரியுது. உன் புக்கை ஏன் துன்னலனு கேக்கறேன்."

விமர்சகர்கள் இதைவிடக் கடுமையாக எதையும் கேட்டதில்லை.

புது வலை வாங்க அவன் போக முடியாது. சீட்டு அன்றைக்கு இளவட்டங்கள் எல்லோரும் படகில் போய், வலை கட்டுகிற பொதுக் கழிகளை ஏற்றி வர வேண்டும். வராதவன் வீட்டுப் பேர் முதலிலேயே அடிபட்டுவிடும். அவனுடைய மோட்டார் பைக் பத்து நாளாக மெக்கானிக்கின் தரையில் பிரிந்து கிடந்தது. அது ஓடுகிற நிலையில் இருந்திருந்தாலும் எனக்கு ஓட்டத் தெரியாது.

"பொன்னேரி கடையில தயார் வலை விக்கறான்" என்றான் தம்பி. "கயிறு கோத்தே கெடைக்கும். நீ போயி எடுத்தாந்துடு. ரெண்டரைக்குள்ள வா."

"வந்துடுவேன்."

"உன்னால ஆவுமா?"

"பொன்னேரிதானேடா. தரை வழிதானே."

அவன் படகுப் பக்கம் போனான். முதுகைப் பார்த்தாலே தெரிந்தது, கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்த தேதியை மனசில் அழித்துக்கொண்டே போகிறான் என்று.

எங்கள் குப்பத்தில் ஒருவன் காலையில் காலிப் பையோடு சைக்கிள் எடுத்தால், அந்தச் சைக்கிள் ஊருக்குப் பொது. அன்றைய பொதுச்சேவையை என் மனைவிதான் திறந்துவைத்தாள்.

"போறதுதான் போறீங்க, இந்த மிக்ஸி ஜாரை ரிப்பேருக்குக் குடுத்து வாங்கினு வந்துடுங்க. பிளேடு சுத்தல."

"நான் போவது தம்பியின் வாழ்க்கைப் பிரச்சினைக்காக."

"நானும் சட்னிக்காகத்தான் சொல்றேன்."

அடுத்த வீட்டு அண்ணி கால் உடைந்த மூக்குக்கண்ணாடியை நீட்டினாள். அதற்கடுத்த வீட்டில் தையல்காரரிடம் வாங்க வேண்டிய ஜாக்கெட்டுகள் இருப்பதாகச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டு வந்தது. குப்பத்தைத் தாண்டுவதற்குள் என் ஹேண்டில்பாரில் ஒரு சிறு சந்தையே தொங்கியது. மிக்ஸி ஜார் ஒவ்வொரு பள்ளத்திலும் முழங்காலில் இடித்து மணி அடித்தது. என் சைக்கிளில் மணி இல்லாத குறை அன்றைக்குத் தீர்ந்தது.

பஸ்ஸுக்குப் போகும்போது சைக்கிளை எப்போதும் ஒல்லாந்தர் கல்லறை வாசலில்தான் பூட்டுவேன். அந்த வாசலின் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றின் கண்ணெதிரே சைக்கிள் திருட எங்கள் பக்கத்தில் யாருக்கும் தைரியம் கிடையாது. ஒல்லாந்தர்கள் உலகத்தையே சுற்றிக்கொண்டு இங்கே வந்து, கோட்டை கட்டி, துணி வாங்கி, நோயில் விழுந்து, அலங்காரமான கல்லுக்குக் கீழே படுத்துவிட்டார்கள். அவர்களுக்கு இவ்வளவு தூரம் வர எட்டு மாதமாவது ஆகியிருக்கும். எனக்கு ஏழு மணி நேரம் இருந்தது, பொன்னேரி வரைக்கும். சைக்கிளைப் பூட்டும்போது அவர்களைவிட நான் திறமைசாலியாகத்தான் உணர்ந்தேன்.

பொன்னேரி பஸ்ஸில் பின் பாதி மீன்கூடைப் பெண்களுக்கு. நான் ஜாரை மடியில் வைத்துக்கொண்டு முன் பாதியில் உட்கார்ந்தேன். கண்டக்டர் ஜாரைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு டிக்கெட் கிழித்தார். உயிருள்ள நண்டை ஜாருக்குள் வைத்துக் கொண்டுவந்த முன்னோடி யாரோ இருந்திருக்க வேண்டும்.

பொன்னேரியில் வலைக்கடை பூட்டியிருந்தது.

பூட்டிய கடையின் முன்னால் ஒரு மனிதன் செய்கிற எல்லாவற்றையும் செய்தேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். இடுக்கு வழியாக உள்ளே பார்த்தேன். பலகையில் எழுதியிருந்ததை, மனசு மாறியிருக்குமோ என்று, இரண்டாம் முறை படித்தேன். பக்கத்து டீக்கடைக்காரர் என்னையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணுக்குத் தொறப்பாரு" என்றார்.

பதினொன்று வரைக்கும் ஊர் வேலைகளை முடித்தேன். இங்கே கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ள அனுமதி வேண்டும். மிக்ஸி ஜார், மூக்குக்கண்ணாடி, ஜாக்கெட்டு மூன்றையும் ஒன்றரை மணி நேரத்தில் முடித்த ஆண்பிள்ளை எங்கள் குப்பத்து வரலாற்றில் இல்லை. ஜாரைக் கொடுத்துவிட்டுக் கண்ணாடிக்கு ஓடினேன். கண்ணாடிக்குத் திருகு போடும் நேரத்தில் தையல்காரரைப் போய் அவமானப்படுத்தினேன். அவர் நாளைக்கு வரச் சொன்னார். நான் நகராமல் கடைக்குள்ளேயே நின்று, அவருடைய தொழிலைப் பற்றி என்றோ நகலெடுக்கும்போது படித்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். ஐந்தாவது நிமிஷம் கொக்கி தைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். வெற்றி, வெற்றி என்று கடைக்குத் திரும்பினால் பூட்டு அப்படியே இருந்தது.

"இன்னும் வரலையா?" என்றேன் டீக்கடைக்காரரிடம்.

"இன்னிக்கி வர மாட்டார்னு நெனைக்கிறேன். சரக்கு எடுக்கக் காசிமேடு போறேன்னு நேத்தே சொன்னாரு."

"காலையில் பதினொன்று என்றீர்களே."

"நீங்க எப்பத் தொறப்பாருனு கேட்ட மாதிரி இருந்திச்சி. அதச் சொன்னேன். இன்னிக்கித் தொறப்பாரானு கேக்கலயே."

நான் வாயே திறக்கவில்லை என்பதை அவருக்கு நினைவுபடுத்த நேரமில்லை. என் முகத்தைப் பார்த்து அவருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "வூட்ல சரக்கு வெச்சிருக்காங்க. அனுப்பம்பட்டு. அவரு சம்சாரம் குடுப்பாங்க. ஸ்டேசன்ல எறங்கி வலைக்காரர் வூடுனு கேளுங்க" என்றார்.

அனுப்பம்பட்டு ரயிலில் ஒரே ஸ்டேஷன். அந்த ஒரே ஸ்டேஷனுக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். நான் இறங்கும்போது பன்னிரண்டு ஆகியிருந்தது.

வலைக்காரர் வீட்டில் முன்னறை முழுக்க வலை மலை மலையாகக் குவிந்திருந்தது. நடுவில் அவர் மனைவி உட்கார்ந்து, ஊசியால் ஓரம் கட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். கை என்னிடம் பேசாமல் தன் வேலையைப் பார்த்தது, வாய் மட்டும் என்னைக் கவனித்தது.

வலைக் கண்ணியின் அளவு தெரிவதற்காக, எலி மிச்சம் வைத்த ஒரு துண்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். "இருபத்தைந்து பாகம் வேணும்மா. கயிறு கோத்தது."

"கீதுண்ணா. எந்த ஊரு?"

ஊரைச் சொன்னேன்.

"உங்கூர்ல யாரு கைப் பாகம்?"

"பாகம் என்றால் பாகம்தானே. ஆறு அடி."

"அது எனக்கும் தெரியும். அளக்கற கை யாருதுனு கேட்டேன்."

இரண்டு கையையும் விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு பாகம். குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்தப் பழைய அளவு ஆறடிக்குச் சமம் என்பதை நான் ஒரு பாடப்புத்தகத்தை நகலெடுக்கும்போது படித்திருந்தேன். அந்த அறிவைப் பயன்படுத்த வாழ்க்கையில் அதுவரை சந்தர்ப்பம் வாய்த்ததில்லை. விடுவேனா? ஆறடியை மீட்டராக்கி, இருபத்தைந்தால் பெருக்கி, புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரைக்கும் வாயாலேயே சொன்னேன்.

"உங்கூர் ஆளுங்க வந்தா அஞ்சு மீட்டர் சேத்துதான் கேப்பாங்க" என்றார் அவர். "அத்தொட்டு சொல்றேன்."

"அவர்களுக்குக் கணக்குத் தெரியாதும்மா. அதான் வீணாகச் சேர்த்து வாங்குகிறார்கள்."

"சரிண்ணா. படிச்சவங்க சொல்றீங்க."

எங்கள் பக்கத்தில் இந்த வாக்கியத்தைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்கிறவர்கள் என்னைப்போல ஒரு சிலர்தான். அவர் டேப்பால் அளந்து வெட்டி, சுருட்டிக் கட்டிக் கொடுத்தார். தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தேன். பொன்னேரி ரயிலுக்கு இன்னும் பத்து நிமிஷம். பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் இரண்டரைக்குள் குப்பம். தம்பியின் முகம் மலர்வதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெஞ்சில் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு நெட்டையான ஆள் விழித்து, எழுந்து நின்று, இரண்டு கையையும் விரித்துச் சோம்பல் முறித்தான். அவன் கை என் மூக்குக்கு நேரே வந்து நின்றது. அவனுக்கும் எனக்கும் இடையில் ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம்.

அப்போதுதான் எனக்கு எங்கள் ஊர் அளவுக்காரர் ஞாபகம் வந்தது.

வலை அளக்கிறவருக்குப் பாட்டுரிமையில் பங்கு இருக்கக் கூடாது என்பது வழக்கம். எங்கள் குப்பத்தில் பங்கில்லாத பெரிய மனுஷர் ஒருவர்தான். படகு பழுது பார்க்கிறவர். நின்றால் கொட்டகைக் கூரையில் தலை இடிக்கும். படகின் இரண்டு விளிம்பையும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொண்டு நடுவில் நின்று பேசுவார். அவர் கையை விரித்தால் அது பாடப்புத்தகத்து ஆறடியில் நிற்காது. பாகத்துக்கு அரையடி கூடுதல் என்று வைத்தாலும் இருபத்தைந்து பாகத்துக்குப் பன்னிரண்டரை அடி. நான்கு மீட்டர்வரை வருகிறது. அந்தக் கணக்கு இப்போது மட்டும் மளமளவென்று வந்தது.

ரயில் வருகிற சத்தம் கேட்டது. ஏறினால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம், குறைந்த வலையோடு. திரும்பிப் போனால் சரியான வலை கிடைக்கும், நேரத்துக்குப் போக முடியாது. நான் நின்றுகொண்டே இருந்தேன். ரயில் வந்தது, கதவில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள், ரயில் போனது. பிறகு ஓடினேன்.

வலைக்காரர் மனைவி, ஐந்து மீட்டர்த் துண்டைத் தனியாக வெட்டி, பக்கத்திலேயே மடித்து வைத்திருந்தார்.

"ரயிலு போற சத்தம் கேட்டுச்சி" என்றார். "இப்ப வருவீங்கனு நெனச்சேன்."

"அளக்கிறவர் ரொம்ப உயரம்மா."

"தெரியும். போன வருசம் வந்தவரு சொன்னாரு. படகை ரெண்டு பக்கமும் புடிச்சிக்குவாராமே."

"நீங்கள் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னனேண்ணா."

சொன்னார்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தேன். அவர் என் தோளிலிருந்த வலையை இழுத்துப் பிரித்து, முனையோடு முனை சேர்த்து, ஊசியைக் கொடுத்து ஓட்டினார். கண்ணிக்குக் கண்ணி, கயிற்றுக்குக் கயிறு. அரை மணி நேரம் நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சில் வந்த எத்தனையோ பக்கங்களில் இவ்வளவு சுத்தமான ஒட்டுவேலையை நான் பார்த்ததில்லை.

"எத்தினி மணிக்குச் சீட்டு?" என்றார் பல்லால் நூலைக் கடித்துக்கொண்டே.

"மூன்று."

"அடுத்த ரயிலு ஒண்ணே முக்காலுக்கு. பஸ்சு எப்பனு எவனுக்கும் தெரியாது. ஆவாது." பிறகு உள்ளே கையைக் காட்டினார். "பாப்பாவோட சைக்கிள் கீது. இஸ்கோல்ல குடுத்தது. இப்ப காலேஜுக்கு ரயில்ல போறா, சைக்கிள் சும்மாதான் நிக்கிது. காட்டூர் வழியா மெறிச்சீங்கன்னா ரெண்டு மணி நேரம் ஆவும். உங்களுக்கு இன்னும் கூடவே ஆவும்."

"இரண்டு மணி நேரம் என்னிடம் இல்லை."

"அப்ப ஒண்ணேமுக்கா மணி நேரத்துல மெறிங்க. நாளைக்கு எடுத்தாந்து வுட்டுடுங்க."

முன்னால் கூடை வைத்த, பெண் பிள்ளைகளுக்கான சைக்கிள். சீட்டு ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் உயரத்துக்கு இறக்கியிருந்தது. கேரியரில் வலையைக் கட்டினோம். கூடையில் ஜார், ஜாக்கெட்டு, மூக்குக்கண்ணாடி. ஏறி உட்கார்ந்தேன், என் முழங்கால்கள் காதுக்குப் பக்கத்தில் வந்து போயின. மணி ஒன்று பத்து.

கார்த்திகையில் வாடைக்காற்று எங்கிருந்து வருமோ அங்கேதான் பழவேற்காடு இருக்கிறது. முதல் அரை மணி நேரம் நான் காற்றை எதிர்த்து மிதித்தேன். இரண்டாவது அரை மணி நேரம் காற்று என்னை மிதித்தது. ஒரு இடத்தில் செயின் கழன்றது. கறுப்புக் கையோடு மாட்டிவிட்டு முகத்தைத் துடைத்ததால், காட்டூருக்குள் நுழையும்போது எனக்கு ஒரு பக்கம் மீசை நீளமாகியிருந்தது.

காட்டூர் விவசாய ஊர். வயலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் மொபெட்டில் என் பக்கத்தில் வந்து, வேகத்தைக் குறைத்து, சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா நைனா, பொண்ணு சீர்வரிசையா?"

"பாட்டுக்குச் சீட்டுப் போடுறாங்க. மூன்று மணிக்கு" என்றேன். அதற்கே இரண்டு மூச்சு ஆனது.

"எங்க?"

ஊரைச் சொன்னேன்.

"பேஜாராச்சே" என்றவர் மொபெட்டை நெருக்கிக்கொண்டு வந்தார். "தோளைப் புடிச்சிக்க. மெறிக்காத, சும்மா குந்திக்கோ."

பிடித்தேன். அதுவரைக்கும் நான் இலக்கியத்தில்தான் பறந்திருக்கிறேன். இப்போது பனைமரங்கள் வரிசையாகப் பின்னால் போயின. காற்று சட்டைக்குள் புகுந்து என்னை இரண்டு ஆளாக்கியது. ஜார் கூடைக்குள் கிடுகிடுத்தது. "வுட்றாத, வுட்றாத" என்று அவர் ஒவ்வொரு வளைவிலும் சொல்லிக்கொண்டே வந்தார். "உன் பேரு வுழுந்தா இறால் குடுப்பியா?" என்று ஒரு நேர் ரோட்டில் கேட்டார். "ஒரு கூடை" என்றேன். "கூடை இன்னாத்துக்கு, நாலு குடு போதும்" என்றார். தன் வயல் திருப்பத்தைத் தாண்டி வெகுதூரம் கொண்டுவந்து விட்டார். உப்பு வாடை வர ஆரம்பித்ததும் தோளை உதறி, "போ, இனிமே உன் ஊரு காத்து" என்று திரும்பிப் போனார். அவர் பெயரைக் கேட்க எனக்கு மூச்சு இல்லை. நாலு இறாலை மறுவாரம் காட்டூர் டீக்கடையில் அடையாளம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பழவேற்காட்டுக்குள் நுழைந்தேன். கல்லறை வாசலில் என் சொந்தச் சைக்கிள் எலும்புக்கூடுகளோடு நின்றது. நிறுத்தி மாற்ற நேரமில்லை. அதை ஒல்லாந்தர்களிடமே விட்டுவிட்டு மிதித்தேன். அங்கிருந்து குப்பத்துக்குப் போகிற மணல் ரோட்டில் கடைசிக் கொஞ்ச தூரம் சைக்கிளை நான் ஓட்டினேனா அது என்னை இழுத்ததா என்று இன்றைக்கும் தெளிவில்லை.

கோயில் முன்னால் கூட்டம் வட்டமாக நின்றது. ஒவ்வொரு வீட்டு வலையும் மணலில் வரிசையாகக் கிடந்தது. எங்கள் வீட்டுக்கான இடம் மட்டும் வெறும் மணல். அதன் பக்கத்தில் தம்பி நின்றுகொண்டிருந்தான். ஊர்த் தலைவர் என் பேரைக் கூப்பிடுவது ரோட்டிலேயே கேட்டது. அது இரண்டாவது தடவை என்று பிறகு சொன்னார்கள். மூன்று தடவைதான் கூப்பிடுவார்கள்.

நான் சைக்கிளோடு வட்டத்துக்குள் நுழைந்து, சைக்கிளோடு விழுந்தேன்.

"வந்துட்டாரு" என்றான் தம்பி.

"நீ சொல்லக் கூடாது" என்றார் தலைவர். "பங்குக்காரன் சொல்லணும்." மூன்றாவது தடவை என் பேரைக் கூப்பிட்டார்.

வாயைத் திறந்தேன். வாடைக்காற்று மட்டும் வெளியே வந்தது. கூட்டம் என் வாயையே பார்த்தது. எழுத்தில் நான் எவ்வளவோ பேசியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு வார்த்தை தேவைப்பட்டது, அது கிடைக்கவில்லை. தொண்டையைச் செருமி, மணலைத் துப்பி, எங்கிருந்தோ இழுத்தேன்.

"கீறேன்."

வருஷக்கணக்காக என் வாயில் வராத எங்கள் குப்பத்துப் பேச்சு. பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "வலையைப் பிரி" என்றார்.

தம்பி வலையை அவிழ்த்து மணலில் ஓட்டினான். அளவுக்காரர் வந்தார். குனிந்து முனையை எடுத்து, அந்தக் கைகளை விரித்தார். எங்களூரில் ஒன்று என்று எண்ணத் தொடங்க மாட்டார்கள்.

"லாபம்" என்றார். பிறகு, "ரெண்டு. மூணு."

ஒவ்வொரு பாகமும் என் கண்ணுக்கு ஒரு முழுத் தெருவாகத் தெரிந்தது. பத்து என்று சொல்லும்போது பாதி வலை காணாமல் போன மாதிரி இருந்தது. தம்பி வலையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். இருபதில் அளவுக்காரர் நின்று, மூக்கைச் சொறிந்துகொண்டார். அந்த இடைவெளியில் நான் இருபத்தைந்தாம் எண்ணுக்காக எந்தத் தெய்வத்தை வேண்டிக்கொள்வது என்று தேடி, நாத்திகக் கட்டுரைகள் இரண்டு எழுதியதற்காக வருத்தப்பட்டேன்.

"இருவத்திரெண்டு. இருவத்திமூணு." ஒட்டுப்போட்ட இடம் கைக்கு வந்தது. அளவுக்காரர் முடிச்சை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். படகு இழுக்கிற கை. முடிச்சு அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். தலையை ஆட்டிக்கொண்டார்.

"இருவத்திநாலு."

கையை விரித்தார்.

"இருவத்தஞ்சு."

அதற்கப்புறமும் அவர் கையிலிருந்து வலை தொங்கியது, அரைக் கை நீளத்துக்கு.

"மிச்சம் இன்னாத்துக்குண்ணா?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"எலிக்கு" என்றான் தம்பி. காலையிலிருந்து அவன் முகத்தில் சிரிப்பு வந்தது அப்போதுதான்.

என் பேர் எழுதிய சுருள் பானைக்குள் போனது. பானையைக் குலுக்கிச் சீட்டுகளை எடுத்தார்கள். நான் சைக்கிளுக்குப் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்திருந்தேன். என் பேர் இரண்டாவது குழுவில் விழுந்ததை உட்கார்ந்தபடியேதான் கேட்டேன். அந்தக் குழுவுக்கு நல்ல பாடு, ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துக்குக் கிட்டே. தம்பி போனை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வெளியே போனான். பேசியது பெண்ணின் அப்பாவிடமா பெண்ணிடமா என்று நான் கேட்கவில்லை. திரும்பி வரும்போது நடை மாறியிருந்தது.

சீட்டு முடிந்ததும் ஒவ்வொரு குழுவும் தங்கள் துண்டுகளை முடிந்து முழு வலையாக்க உட்கார்ந்தார்கள். எங்கள் துண்டை எடுத்துத் தன் துண்டோடு முடிய வந்தவர் குழுவிலேயே மூத்தவர். ஏரியில் நாற்பது வருஷம் நின்ற கால்கள். கயிற்றை விரலால் உருட்டிப் பார்த்தார். கண்ணியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"யாரு எடுத்தாந்தது?"

"அண்ணன்தான்" என்றான் தம்பி.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். கறுப்பு மீசையையும், கால் பக்கம் விழுந்து கிடந்த பெண்பிள்ளை சைக்கிளையும், மடியில் நான் அணைத்துக்கொண்டிருந்த மிக்ஸி ஜாரையும் சேர்த்துப் பார்த்தார். பிறகு முடிச்சுப் போட ஆரம்பித்தார்.

"நல்லாத்தான் கீது" என்றார்.

இதுவரைக்கும் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் என் எதைப் பற்றியும் இப்படிச் சொன்னதில்லை. எழுந்து போய் அந்த முழு வலையின் நீளத்துக்கும் ஒரு நடை நடந்து பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. கால்கள் ஒத்துழைக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன். பத்துப் பேர் வலை ஒன்றாகி மணலில் நீண்டு போனது. மூன்றாவது துண்டு எங்களுடையது.